பாயிரம் கேட்டு அலைந்த பாரதியார்

உறையூருக்குப் புராணம் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-ல் திருச்சிப் பக்கத்துல பிறந்தவர். வேதநாயகம் பிள்ளையும் அதே வட்டாரம்தான், குளத்தூர்க்காரர், கீர்த்தனைகள் எழுதினவர். ஒருத்தர் சைவர், இன்னொருத்தர் கிறிஸ்தவர். அப்போ நண்பருக்குக் கடிதம்னா அதுலயும் செய்யுள் இருக்கும். பிள்ளை ஒரு படி மேலே போய், நண்பர்மேல 'குளத்தூர்க் கோவை'ன்னு ஒரு முழு நூலே பாடிட்டார்!

வேதநாயகம் முன்சீபாக இருந்த மாயவரத்துலதான் மூன்றாவது ஆளும் வர்றார். கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேணும்னு பிள்ளைகிட்ட வந்தார். பாட்டுல இலக்கணப் பிழை இருக்கே, எப்படிக் கொடுக்கிறதுன்னு பிள்ளைக்குத் தயக்கம். நேரா மறுக்கவும் மனசில்லை, தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தார். பாரதியாரும் விடலை. ஒருநாள் திண்ணையில உட்கார்ந்து தானே பாடிக்கிட்டிருந்தார். உள்ளே அதைக் கேட்ட பிள்ளை உருகிட்டார், பாயிரம் கிடைச்சது. இதை எழுதி வெச்சது உ.வே.சாமிநாதையர்.

அதே உ.வே.சா. 1871-ல் பிள்ளைகிட்ட படிக்க வந்தபோது, பாரதியார்கிட்ட சங்கீதமும் கத்துக்கிட்டார். சங்கீதத்துல புத்தி போனா இலக்கணத்துல போகாதுன்னு பிள்ளை சொல்ல, பையன் பாட்டை விட்டுட்டார். உருகினாலும் அபிப்பிராயம் மாறலை, பாருங்க! எனக்கு இந்த முரண்தான் ரொம்பப் பிடிக்கும்.

பிறகு தாதுவருஷப் பஞ்சம். வேதநாயகம் தன் காசுல ஊருக்குச் சோறு போட்டார். பாரதியார் அவரைப் பற்றி ஒரு கீர்த்தனை பாடினார். அதைக் கேட்கப் பிள்ளை இல்லை. 1876 பிப்ரவரியிலேயே காலமாகிட்டார்.