ஸரந்தீபுக்குச் செல்லும் வழி

காஞ்சிக்கு மேற்கே திருப்புட்குழி என்னும் ஊரில் விஜயராகவப் பெருமாள் கோயில் உள்ளது. இராவணனை வானில் மறித்து உயிர்நீத்த ஜடாயுவுக்கு இங்கே ஈமக்கடன் செய்யப்பட்டது என்பது தலபுராணம். புள் என்றால் பறவை. ஊர்ப்பெயரே அதனைச் சொல்லும். புராணம் கூறுவது இலங்கைக்குச் சென்ற வான்வழி. வரலாறு கூறுவதோ கடல்வழி. அவ்வழி எதனால் திறந்தது, எதனால் அடைபட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஏறத்தாழ கி.பி. 640-இல் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். இங்கிருந்து சிங்களத் தீவு மூன்று நாள் கடற்பயணம் என அவருடைய சரிதை குறிக்கிறது. அவரும் செல்லவே விரும்பினார். ஆனால் அத்தீவிலிருந்து வந்திறங்கிய துறவியர், மன்னன் மறைந்தான், நாட்டிலே பஞ்சமும் குழப்பமும் என்றனர். அவர் தம் எண்ணத்தைக் கைவிட்டார். அவரைத் தடுத்தது கடலன்று.

அரபியர் ஸரந்தீப் என்றழைத்த அத்தீவை 1344-இல் இப்னு பதூதா அடைந்தார். புத்தளத்தில் இருந்த ஆரியச் சக்கரவர்த்தி, பாவா ஆதம் மலைக்குச் செல்ல அவருக்குப் பல்லக்கும், வழித்துணையாக யோகிகளையும் பிராமணரையும் கொடுத்தனுப்பினார். திரும்புகையில் மஅபர் எனப்பட்ட நம் கரையருகே அவர் கப்பல் புயலில் சிக்கியது, உயிர் தப்பினார். கடல் கடுமை காட்டிற்று, மனிதரோ வழிவிட்டனர்.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறியவர், தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சென்றார். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பயணச்சீட்டு! 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியைப் பயணிகள் ரயிலோடு அழித்தது. எனினும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் மீண்டும் ஓடிற்று. அதே ஆண்டு அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், தாம் கண்டறியாத ‘தாயகத்துக்கு’ அக்கப்பலில் வந்திறங்கினர். அவர்களுக்கு அது திரும்பிச் செல்லாத பயணம்.

உள்நாட்டுப் போர் மூண்டபின் 1984-இல் கப்பல் நின்றது. அதன்பின் அகதிகள் சிறு படகுகளில் உயிரைப் பணயம் வைத்து வந்தனர். 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சில மாதங்கள் மட்டும் கப்பல் ஓடிற்று. 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, மழைக்காலத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. வானூர்தியோ சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு சேர்த்துவிடுகிறது.

புயல் அழித்த துறைக்கு மாற்றுத்துறை கிடைத்தது. போர் அடைத்த வழியோ, அந்தச் சில மாதங்கள் நீங்கலாக, 39 ஆண்டுகள் திறக்கவில்லை. இரு கரையிலும் உறவினரை உடையோர் அந்த ஆண்டுகளின் நீளத்தை அறிவர். கடலின் சீற்றம் ஓரிரவில் தணியும்; மனிதனின் சினம் தணியத் தலைமுறை கழிகிறது. அதனை அடக்கக் கற்றால் பாதி வழி கடந்தாயிற்று.