பேங்க் ஏல வீடு வாங்கப் போறீங்களா? சாவி யார் கையில்னு முதலில் கேளுங்க!

"பேங்க் ஏலத்துல சல்லிசா வீடு வருதாம், வாங்கி வித்தா நல்ல லாபம்" என்று சொல்லக் கேட்டு, நகையை அடகு வைத்து இறங்குகிறவர்கள் உண்டு. விலை குறைவுதான். ஆனால் அந்தக் குறைவுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும்.

வீடு ஏலத்துக்கு வருவது எப்படி?

கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். 2002-ம் ஆண்டு சர்பாசி சட்டப்படி, 60 நாள் கெடு கொடுத்து பேங்க் நோட்டீஸ் அனுப்பும். அப்புறமும் பணம் வராவிட்டால், கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே வீட்டை ஏலம் விடலாம். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அரசு பேங்க் ஏலச் சொத்துகளை 2025-ல் தொடங்கிய 'பேங்க்நெட்' இணையதளத்தில் பார்க்கலாம்.

பணம் ரெடியா?

ஆரம்ப விலை 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டெபாசிட் வழக்கமாக 10 சதவீதம், அதாவது 2 லட்சம். 24 லட்சத்துக்கு ஏலம் கேட்டு ஜெயித்தால், அதில் கால் பங்கு 6 லட்சம். கட்டிய 2 லட்சம் போக, 4 லட்சத்தை அன்றைக்கே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்டணும். மீதி 18 லட்சத்துக்கு ஏலம் உறுதியானதில் இருந்து 15 நாள்தான் டைம். பேங்க் எழுத்துமூலம் சம்மதித்தால் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். தவறினால் கட்டிய பணம் அம்போ! லோன் வாங்குகிறவர்கள் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

கவனம், 'சுவாதீனம்'!

ஏல நோட்டீசில் 'நேரடி சுவாதீனம்' என்று இருந்தால் வீடு பேங்க் கையில் இருக்கிறது. 'அடையாள சுவாதீனம்' என்றால் நோட்டீஸ் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. பழைய குடும்பமோ, வாடகைக்காரரோ உள்ளேயே குடியிருக்கலாம். அவர்களை வெளியேற்ற பேங்க் கலெக்டரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ போகணும். கடன்காரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால் இன்னும் இழுக்கும். அதுவரை வட்டி உங்கள் தலையில். லாபக் கணக்கு தலைகீழாகிவிடும்.

'உள்ளது உள்ளபடி' என்றுதான் பேங்க் விற்கும். சொத்து வரி, கரண்ட் பாக்கி, அப்பார்ட்மென்ட் பராமரிப்பு பாக்கி எவ்வளவு என்று விசாரிக்கணும். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டணும். வீட்டை நேரில் போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்தில் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வீட்டை இழப்பவர்களுக்கும் ஒரு விஷயம். 2016-ல் வந்த சட்டத் திருத்தப்படி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழு பாக்கியையும் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. ஏலத்தில் வந்த பணம் கடன், வட்டி, செலவு போக மிஞ்சினால், அது பேங்க்குக்குச் சொந்தமில்லை. சொத்துக்காரருக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்குங்க!