ஊர்சுற்றலுக்கு இலக்கணம் எழுதியவர்

பயண எழுத்தாளர் ராகுல் சாங்கிருத்தியாயன் 1893 ஏப்ரல் 9 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில், தாய்வழிப் பாட்டனாரின் ஊரான பந்தகாவில் பிறந்தார். இயற்பெயர் கேதார்நாத் பாண்டே. சிறு வயதில் செய்துவைத்த கல்யாணம் அவரைக் கட்டிப்போடவில்லை. கல்கத்தாவுக்கு ஓடினார்; சாதுவானார்; 1913இல் தெற்கே வந்து திருமழிசை வைணவ மடத்தில் தங்கினார். பிறகு ஆரிய சமாஜம், ஒத்துழையாமை இயக்கம், சிறை. 1927இல் களனி வித்யாலங்கார பிரிவெனா என்ற பௌத்தக் கல்விக்கூடத்தில் சமஸ்கிருதம் கற்பிக்க இலங்கை சென்றவர், பாலி நூல்களில் ஆழ்ந்து பௌத்தத்தின் பக்கம் திரும்பினார்.

இந்தியாவில் மறைந்துபோன பௌத்த நூல்கள் திபெத்திய மடங்களில் கிடைக்கும் என்று அவர் நம்பினார். அங்கே போவதுதான் பெரும்பாடு. அன்று இந்தியருக்கு அனுமதி கிடைப்பது அரிது. 1929இல் சிவராத்திரி யாத்ரீகர் கூட்டத்தோடு நேபாளத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து பிச்சைக்கார வேடத்தில் எல்லை கடந்தார். கொள்ளையருக்குப் பேர்போன தோங்லா கணவாய் வழியில், பயமுறுத்தும்படி யாராவது எதிர்ப்பட்டால் தொப்பியைக் கழற்றி, நாக்கை நீட்டிக் காசு கேட்பார். திங்ரி சமவெளி மடம் ஒன்றில் திபெத்திய பௌத்த மறைநூலான கஞ்சூரின் 103 கையெழுத்துத் தொகுதிகளைக் கண்டார். ஒவ்வொன்றும் பதினைந்து சேர் கனம். வழித்துணையாக வந்திருந்த ஒரு துறவி தம் சீடர்களைப் பார்க்கக் கிளம்பிவிட, ராகுல் ஏடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

1930இல் திரும்பியபோது 22 கோவேறு கழுதைகளில் சுவடிகளும் ஓவியங்களும் வந்தன. இன்று அவை பாட்னாவில் உள்ளன. அதே ஆண்டு இலங்கையில் துறவேற்று ராகுல் ஆனார். 1934, 1936, 1938 என மேலும் மூன்று முறை திபெத் சென்றார். பௌத்தத் தத்துவ அறிஞர் தர்மகீர்த்தியின் ‘பிரமாணவார்த்திக’த்தின் சமஸ்கிருத மூலம் உலகுக்குக் கிடைத்தது இந்தப் பயணங்களால்தான். ஒரு பயண எழுத்தாளரிடமிருந்து இந்தியாவுக்குக் கிடைத்த பெரும் கொடை இது.

லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் 1947 வரை பாடம் நடத்திய காலம் ‘ரஷ்யாவில் இருபத்தைந்து மாதங்கள்’ என்ற நூலானது.

1940களின் இறுதியில் எழுதிய ‘குமக்கட் சாஸ்திரம்’ தமிழில் ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்று வந்தது. வாழ்நாள் முழுதும் சுற்ற நினைப்பவருக்கான நடைமுறை நூல் அது. முதலில் படிப்பை முடி, கைத்தொழில் ஒன்று பழகு, குடும்பப் பணத்தை நம்பாதே என்கிறது. பெண்களும் ஊர்சுற்றக் கிளம்ப வேண்டும் என்று தனி அத்தியாயமே வைத்து வாதாடுகிறது. அந்தக் காலத்தில் அது துணிச்சலான பேச்சு.

1958இல் ‘மத்திய ஆசியாவின் வரலாறு’ நூலுக்கு சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பக்கவாதத்தால் நினைவிழந்து, 1963 ஏப்ரல் 14 அன்று டார்ஜிலிங்கில் காலமானார்.