பெரியப்பாவின் ஃபாக்ஸ்புரோ: வீட்டுக் கணினிக்கு எந்தத் தரவுத்தளம்?

போன எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் கேட்டிருந்தார்: "வீட்டுக் கணினியில சின்னதா கணக்கு வெச்சுக்கணும், எளிமையான டேட்டாபேஸ் எது?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனா எங்க வீட்டிலேயே இதுக்கு ஒரு கதை இருக்கு. அதனால கொஞ்சம் வரலாறு பேசிட்டு வரலாம்.

எங்க ஊர் தேவதானம். ராஜபாளையத்துக்குப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். நெல்லும் தென்னையும்தான் பிழைப்பு. பெரியப்பா அங்கே உரக்கடை வெச்சிருந்தார். யூரியா, பொட்டாஷ் எல்லாம் கடனுக்குத்தான் போகும். அறுவடை முடிஞ்சாத்தான் காசு வரும். 1998இல் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து ஃபாக்ஸ்புரோ படிச்சார். பழைய கணினி ஒண்ணு வாங்கி, கடன் நோட்டை அதில் ஏற்றினார். போன வருஷம் அவர் தவறிட்டார். கடையைக் கைமாற்றணும். "யார் யார் எவ்வளவு தரணும்னு அந்தப் பெட்டியிலதான் இருக்கு, பாரு தம்பி"ன்னு பெரியம்மா ஹார்ட் டிஸ்க்கை என் கையில் கொடுத்தாங்க.

சரி, இந்த ஃபாக்ஸ்புரோ எங்கிருந்து வந்தது?

நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வெய்ன் ராட்லிஃப் என்ற பொறியாளர், அலுவலகத்தில் நடந்த கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்கணும்னு, ஆட்ட விவரங்களைச் சேர்த்து வைக்க 1978 வாக்கில் ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அந்த லேபரட்டரியின் பெரிய கணினியில் ஓடிய ஜேபிஎல்டிஸ் என்ற நிரல்தான் முன்மாதிரி. வைத்த பெயர் வல்கன். ஜார்ஜ் டேட் என்ற வியாபாரி அதை வாங்கி டிபேஸ் டூ என்று பெயர் மாற்றினார். டிபேஸ் ஒன் என்று ஒன்று கிடையவே கிடையாது! 'டூ'ன்னா ஏற்கெனவே ஒரு சுற்று வந்து தேறினதுன்னு ஜனங்க நம்புவாங்க, அவ்வளவுதான். விலை 695 டாலர்.

1984இல் டிபேஸ் த்ரீ வந்தது. அதே காலத்தில் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் என்ற கம்பெனி, அதே கட்டளைகளைப் புரிஞ்சுக்கிற, ஆனா இன்னும் வேகமான ஃபாக்ஸ்பேஸை விற்க ஆரம்பித்தது. டிபேஸ்காரர்கள் 1988இல் வழக்குப் போட்டார்கள். 1990 டிசம்பரில் நீதிபதி அவர்களுடைய பதிப்புரிமையே செல்லாதுன்னு சொன்னார். ஜேபிஎல்டிஸில் இருந்து வந்ததை மறைச்சுட்டாங்கன்னு காரணம். சில மாதத்தில் அவரே அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார். கடைசியில் டிபேஸை போர்லேண்ட் 1991இல் வாங்கியது; ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் 1992இல் வாங்கியது. அதே வருஷம் ஆக்சஸும் வந்தது. 2007இல் 'இனி புது ஃபாக்ஸ்புரோ கிடையாது'ன்னு மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது.

கம்பெனிகள் போயிடுச்சு. ஆனா கோப்பு இருக்கு. எப்படி?

டிபிஎஃப் கோப்பின் அமைப்பு அவ்வளவு எளிமை. மேலே ஒரு தலைப்புப் பகுதி: எந்தப் புலம், எத்தனை எழுத்து. அதுக்குக் கீழே ஒரே அளவில் வரிசையா பதிவுகள். பெரும்பாலும் வெறும் எழுத்துகள்தான். எண்ணைக்கூட எழுத்தாகவே எழுதி வைக்கும். தேதியில் வருஷம் நாலு இலக்கம். இன்னைக்கு லிப்ரேஆஃபீஸ் கால்க்கே இதைத் திறக்கும். பெரியப்பாவின் கோப்பும் ஒரு நொடியில் திறந்தது. பாக்கி வைத்தவர்கள் 31 பேர்.

ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, பெயர்கள். டாஸ் காலத்தில் இந்த மாதிரி நிரல்களில் தமிழ் அடிக்கிறது சுலபமில்லை, ஜிஸ்ட் கார்டு மாதிரி தனி வன்பொருள் போட்டவங்களும் உண்டு. அதனால ஆங்கில எழுத்திலேயே அடிச்சிருந்தார், ஒரே ஆளுக்கு மூணு எழுத்துக்கூட்டல். அது பரவாயில்லை, வாய்விட்டுப் படிச்சா புரியும். பின்னாடி விண்டோஸில் தமிழ் எழுத்துருவில் அடிச்ச சில கடிதங்கள்தான் வெறும் கிறுக்கலா வந்தது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு இருந்த காலம் அது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. யூனிகோடை ஏற்றது 2010இல். அந்த எழுத்துருவின் பெயர் தெரிஞ்சாத்தான் படிக்கவே முடியும்.

ரெண்டாவது: தலைப்பில் இருந்த பதிவுகளின் எண்ணிக்கைக்கும் திரையில் தெரிஞ்ச எண்ணிக்கைக்கும் 14 வித்தியாசம். சின்னதா ஒரு பைதான் நிரல் எழுதிப் பார்த்தேன். டிபேஸ் குடும்பத்தில் 'டெலீட்' அடிச்சா பதிவு அழியாது. முதல் எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'ரீகால்' சொன்னா திரும்ப வரும். 'பேக்' சொன்னாத்தான் நிஜமாவே போகும். அந்த 14 பேரும் நட்சத்திரத்தோட, பாக்கித் தொகையோட அங்கேயே இருந்தாங்க. எல்லாமே 2003ஆம் வருஷத்துக் கடன்.

மொத்தமா கணிசமான தொகை. பட்டியலைப் பெரியம்மாகிட்ட வாசிச்சேன். "அந்த வருஷம் மழையே இல்லடா. நெல்லு கருகிப் போச்சு. இவங்கிட்ட எல்லாம் போய் எப்படிக் கேக்கன்னு அவரே கழிச்சு விட்டாரு"ன்னாங்க. 31 பேரை மட்டும் காகிதத்தில் அச்சடிச்சுக் கொடுத்தேன். மத்தப் பட்டியலை அவங்க கேக்கல.

இப்போ நேயர் கேள்விக்கு வருவோம். என் பதில் எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு வேலையில், 'சர்வர் நின்னுட்டா எல்லாமே நின்னு போகுதே'ன்னு 2000இல் எழுதியது. சர்வரே வேண்டாம், மொத்தத் தரவும் ஒரே கோப்பு. யாருக்கும் காசு தர வேண்டாம், நிரலே பொதுச்சொத்து. உங்க ஆண்ட்ராய்டு போனில் இப்பவே இருக்கு. 2050 வரை ஆதரவு தருவோம்னு சொல்லியிருக்காங்க. டிபி பிரவுசர் மாதிரி ஓர் இலவசச் செயலி போட்டா, கட்டளை தெரியாமலே அட்டவணை போடலாம். நூறு வரிக் கணக்குதான்னா எக்செல் மாதிரி ஒரு விரிதாளே போதும், சங்கடமே வேண்டாம்.

எதை எடுத்தாலும் மூணு விஷயம் செய்யுங்க. தமிழை யூனிகோடிலேயே அடிங்க. மாசம் ஒருமுறை சிஎஸ்வி நகல் எடுத்து வேற இடத்தில் வையுங்க. எந்தப் புலத்துக்கு என்ன அர்த்தம்னு ஒரு காகிதத்தில் எழுதி, கணினிப் பெட்டிக்குள்ளயே ஒட்டி வையுங்க. நாளைக்கு அதைத் திறக்கப் போறது நீங்களா இல்லாமப் போகலாம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.