வின்டோஸ்.ஓல்டில் கிடந்த பட்டியல்



போன கிழமை சாச்சா தன் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கடையில் புதிதாக வின்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். "சீ ட்ரைவ் நிரம்பிக் கிடக்கு மகன், வேண்டாததையெல்லாம் அழிச்சுத் தாங்க" என்றார். நிரப்பிக்கொண்டிருந்தது 'வின்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டர்.

2025 ஒக்டோபர் 14இல் வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியதிலிருந்து ஊரில் பலரும் வின்டோஸ் மாற்றுகிறார்கள். ஆகவே இந்தக் கதை உங்களுக்கும் உதவலாம்.

டிஸ்க்கை ஃபோமட் பண்ணாமல் வின்டோஸைத் திரும்பப் போட்டால், பழைய வின்டோஸ், அதன் மென்பொருட்கள், நம் டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ் எல்லாம் இந்த ஒரே ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைக்கப்படும். 2007இல் வந்த விஸ்டா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். இப்போது சாதாரணமாகப் பத்து நாளில் அது தானாகவே அழிந்துவிடும். நாங்கள் பார்த்தது ஏழாம் நாள்.

அழிக்கும் முன் உள்ளே போனேன். 2005இல் சாச்சா தட்டச்சு செய்த ஒரு வேர்ட் கோப்பு இருந்தது. திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. "வைரஸ் போல, அழிங்க" என்றார்.

வைரஸ் இல்லை, பாமினி.

கம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாத காலத்தில் நாம் கண்ட குறுக்குவழி அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த ஃபொன்ட். 'தமிழ்' என்று நாம் அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபொன்ட் இருந்தால் அது தமிழ், இல்லாவிட்டால் குப்பை. யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. வின்டோஸ் 2000இல் லதா என்ற யுனிகோட் எழுத்துருவும் வந்தது. இலங்கையில் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 நியமம் வந்தது 2008இல். ஆனாலும் நாம் மாறவில்லை. அச்சகங்களில் ஓடிய பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்குப் பாமினியே சுலபம். (கலாசாலையில் என் பாடக்குறிப்புகளும் பாமினியில்தான். யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.)

ஆகவே நம் பகுதியின் இருபது, இருபத்தைந்து வருட எழுத்து, அதாவது வினாத்தாள், ஜமாஅத் கடிதம், மலர் எல்லாம், இந்தக் குப்பை வடிவத்தில்தான் கிடக்கிறது. புது வின்டோஸில் பாமினி வருவதில்லை. கடைக்காரத் தம்பிமார் பாவம், அவர்கள் கண்ணுக்கு அது பழுதான கோப்பு.

சாச்சாவின் ஃபொன்ட்டும் அதே ஃபோல்டருக்குள்தான் இருந்தது: வின்டோஸ்.ஓல்ட், அதற்குள் வின்டோஸ், அதற்குள் ஃபொன்ட்ஸ். முதலில் அதையும் அவருடைய கோப்புகளையும் பென் ட்ரைவில் எடுத்தேன். ஃபொன்ட்டைப் போட்டதும் எழுத்துகள் தெளிந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கரையோரத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களை வீடு வீடாகப் போய் எழுதிய பட்டியல். பெயர், வயது, மௌத்தானவர்கள், யாருடைய பிள்ளை இப்போது யார் வீட்டில்.

அதற்குப் பிறகுதான் டிஸ்க் கிளீன்அப்பைத் திறந்து, 'சிஸ்டம் ஃபைல்ஸ்' பகுதியில் முந்தைய வின்டோஸ் என்பதைத் தெரிவு செய்து அழித்தேன். வெறுமனே டிலீட் கொடுத்தால் அனுமதி இல்லை என்று மல்லுக்கட்டும்.

இப்போது பட்டியலை யுனிகோடுக்கு மாற்றுகிறேன். மாற்றிகள் இணையத்தில் இலவசம். ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிவிடும். வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஒரு வேடிக்கை: பாமினியில் ஜ, ஸ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. அதனால் குப்பை எழுத்தாகத் தெரியும்போதே, அடைப்புக்குறி நிறைந்திருந்தால் அது நம்மவர் பெயர்ப் பட்டியல் என்று ஊகிக்கலாம்.

சாச்சாவிடம் இருப்பது பாதிதான். வாவிப் பக்க வீடுகளின் மற்றப் பாதியை வேறொருவர் வேறொரு மெஷினில் அடித்தாராம். அவர் இப்போது ஹயாத்தில் இல்லை. அந்த மெஷின் யார் வீட்டுக்குப் போனதென்று தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஃபோமட் பண்ணக் கொடுக்கும் முன்.