மலைக்கோட்டையும் ராக்கெட் படிப்பும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி, ப்ளஸ் டூ படிப்பவள், அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. "தாத்தா, நான் ஏரோஸ்பேஸ் எடுக்கலாமா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "நம்ம ஊருக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்? நீங்களாவது சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. காரணம், முப்பது வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு வந்த ஒரு பையனிடம் இதே வார்த்தையைச் சொன்னவன் நான். "திண்டுக்கல்ல ராக்கெட்டுக்கு என்னடா வேலை? சிவில் எடு." அவனும் தலையாட்டிவிட்டுப் போனான். அதைச் சொன்ன வகுப்பறையின் ஜன்னலில் மலைக்கோட்டை தெரியும். நானோ சரித்திர வாத்தியார்!

அந்தக் கோட்டையின் கதையைத்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மதுரை நாயக்கர் காலத்தில், 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. பிறகு மைசூர் கைக்குப் போனது. 1755-ல் மைசூர் அரசு, பாளையக்காரர்களை அடக்க ஒரு தளபதியைத் திண்டுக்கல் பவுஜ்தாராக அனுப்பியது. அவர்தான் ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் எந்த வேலைக்கு எந்த ஆள் என்று தெரிந்தவர். அவருடைய தகப்பனார் பத்தே முகம்மது, ஆற்காட்டு நவாப் படையில் ஐம்பது ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். ஆக, வாணம் ஹைதருக்கு வீட்டுச் சொத்து.

மைசூர் வரலாறு எழுதிய ஆங்கிலேய அதிகாரி மார்க் வில்க்ஸ் ஒரு முக்கியமான செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். திருச்சியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கைதேர்ந்த தொழிலாளர்களைத் திண்டுக்கல்லுக்கு வரவழைத்து, பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் ஒரு பீரங்கிப் படையையும், ஆயுதசாலையையும், வெடிமருந்துக் கூடத்தையும் ஹைதர் அமைத்தார் என்பதே அது. ராக்கெட் இங்கேதான் பிறந்தது என்று நான் மார்தட்ட மாட்டேன். வில்க்ஸ் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஹைதர் தொழிற்கூடம் நடத்தக் கற்றுக்கொண்ட ஊர் இது. அது போதும் எனக்கு. (நம் பேகம்பூரின் பெயரே ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தால் வந்தது என்பது ஊர் வழக்கு. பிரியாணி சாப்பிட மட்டும் அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க.)

மைசூர் ராக்கெட்டில் அப்படி என்ன புதுமை? அதுவரை வாணங்களுக்குக் காகிதமோ மூங்கிலோதான் கூடு. மருந்தை இறுக்கி அடைத்தால் கூடு வெடித்துவிடும். மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயை வைத்தார்கள். சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். கூடு உறுதியானதும் உள்ளே அழுத்தம் கூடியது. அழுத்தம் கூடியதும் பாய்ச்சல் கூடியது. நேராகப் பறக்க நீண்ட மூங்கில் கழி ஒன்றைக் கட்டினார்கள். ஒரு பவுண்டு மருந்து வைத்த ராக்கெட் ஏறக்குறைய ஆயிரம் கஜம் போனது. இன்று பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் எரிவதும் திட எரிபொருள்தான். மருந்து வேறு, அளவு வேறு, கணக்கு வேறு; ஆனால் மூடிய குழாயில் எரித்து, ஒரு பக்கமாக வாயுவைப் பீய்ச்சும் தத்துவம் ஒன்றே.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர்ப் போரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. அவருடைய வெடிமருந்து வண்டிகள் பற்றி எரிந்ததற்கு ராக்கெட்டே காரணம் என்பார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பிறகு, அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அதில் எரிந்தது. நம் ஆட்கள் கையால் செய்ததை அவர்கள் சோதித்து, அளந்து, எழுதி வைத்தார்கள். நாம் எழுதி வைக்கவில்லை. 2018-ல் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் கூடுகள் கிடைத்தன. இருநூறு வருடமாக நம் சரித்திரம் கிணற்றுக்குள் கிடந்திருக்கிறது!

இதைக் கண்டு திகைத்த இன்னொருவர் இருக்கிறார். 1963-ல் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குப் போன அப்துல் கலாம், நாசா கட்டட வரவேற்பறையில் ஓர் ஓவியம் பார்த்தார். போர்க்களம், பறக்கும் ராக்கெட்டுகள், ஆனால் அவற்றை ஏவுபவர்கள் கறுத்த நிறத்தவர்கள். திப்புவின் படை. அந்த ஆண்டு நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது.

இங்கே அந்த அம்மா இடைமறித்தார். "கலாம் ஐயா பெரியவர். எங்களுக்கு ஃபீஸ் கட்டணுமே?"

நியாயமான கேள்வி. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கலாமிடமும் பணமில்லை. சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தக் கல்லூரியே அப்படிப் பிறந்ததுதான்: சி. ராஜம் தன் வீட்டை விற்று 1949-ல் தொடங்கியது. படித்து முடித்த கலாம் விமானி ஆக ஆசைப்பட்டார். எட்டு இடம், அவர் ஒன்பதாவது. 1958-ல் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அரசு வேலையில் சேர்ந்தார்.

மகளிடம் மறைக்காமல் ஒன்று சொன்னேன். ஏரோஸ்பேஸ் என்று பட்டத்தில் இருந்தால்தான் ராக்கெட் வேலை என்பதில்லை. இஸ்ரோ பெரும்பாலும் எடுப்பது மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களை. 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் பாலிடெக்னிக் டிப்ளமோதான். ஏரோஸ்பேஸ்தான் வேண்டும் என்றால் திருவனந்தபுரத்தில் 2007-ல் தொடங்கிய ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது; அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். எம்.ஐ.டி.க்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணும் கவுன்சலிங்கும். பெயர் தெரியாத கல்லூரியில் லட்சக்கணக்கில் கொட்டி அந்தப் பட்டம் வாங்காதே, அதற்குப் பதில் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் எடு என்றேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. அம்மா முகம் தெளிந்தது.

வெளியே போகும்போது அந்தப் பிள்ளை, "இரும்புக் குழாயை மூடுறது எப்படி தாத்தா? அப்பா பட்டறையில செய்ய முடியுமா?" என்று கேட்டாள். மருந்து இல்லாமல், வெறும் குழாய் மட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வரும் ஞாயிறு காலை அவளோடும் அவள் அப்பாவோடும் மலையேறுகிறேன். முட்டி வலி சம்மதித்தால் உச்சிவரை. என் பழைய மாணவர்கள் வரலாம். 'சிவில் எடு' என்று நான் அனுப்பி வைத்த அந்தப் பையன் இதைப் படித்தால், கீழே ஒரு வரி எழுதப்பா. எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.