மட்டையைத் தொடாத ரசிகர்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூர்ல குகேஷ் 14வது ஆட்டத்துல டிங் லிரனை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனப்போ, ஆபீஸ்ல நான் போட்ட சத்தத்துல டீம் லீட் எழுந்தே வந்துட்டார். "நீ செஸ் ஆடுவியா?"ன்னார். குதிரை எப்படிப் போகும்னு மட்டும் தெரியும் சார்னு வழிஞ்சேன்.

இதே கேள்விய ஒரு காலத்துல நான் எங்க தாத்தாகிட்ட கேட்டிருக்கேன். கொஞ்சம் கிண்டலாவே.

எங்க ஊர் வாலிகண்டபுரம். பெரம்பலூர் பக்கம். வாலி வந்து சிவனைக் கும்பிட்ட ஊர்னு சொல்லுவாங்க. ஆக, ஊர் பேர்லயே ஒரு சண்டைக்காரன் இருக்கான். தாத்தா சின்ன வயசுல ஆடினது சடுகுடு. ஆனா ரசிகரா இருந்தது டென்னிஸுக்கு! 15, 30க்கு அப்புறம் ஏன் 45 இல்லாம 40 வருதுன்னு கடைசி வரைக்கும் அவருக்குப் புரியல.

காரணம் ஒரே ஆள்: ராமநாதன் கிருஷ்ணன். 1937ல நாகர்கோவில்ல பொறந்தவர். 1954ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார், ஆசியாவுலயே முதல் ஆள். 1960லயும் 1961லயும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் தடவை நீல் ஃபிரேசர்கிட்டயும் அடுத்த தடவை ராட் லேவர்கிட்டயும் தோத்தார். ரெண்டு பேருமே அந்தந்த வருஷம் கோப்பையத் தூக்கினவங்க. கிருஷ்ணன்கிட்ட இடி மாதிரி சர்வீஸ் கிடையாது. பந்தைத் தடவிக் கொடுத்து, எங்க ஆள் இல்லையோ அங்க போடுவார்.

தாத்தாவோட நாள் 1966 டிசம்பர். கல்கத்தாவுல டேவிஸ் கோப்பை, பிரேசிலோட 2-2. கடைசி ஆட்டத்துல தாமஸ் கோச் ரெண்டு செட் எடுத்துட்டார், கிருஷ்ணனுக்கு ஒண்ணுதான். நாலாவது செட்லயும் கிருஷ்ணன் 2-5னு பின்னாடி. அங்கருந்து அந்த செட்ட 7-5னு எடுத்து, அஞ்சாவதையும் ஜெயிச்சு, இந்தியாவ முதல் தடவையா இறுதிக்குக் கொண்டுபோனார். மெல்போர்ன்ல ஆஸ்திரேலியாகிட்ட 4-1னு தோத்தோம், அது வேற விஷயம். பஞ்சாயத்து ரேடியோவுல கல்கத்தா சேதி கேட்டுட்டு தாத்தா தெருவுக்கே டீ வாங்கிக் குடுத்தாராம். அப்போ அவர் கூலிக்குப் போய்க்கிட்டிருந்தவர்.

1974ல இந்தியா மறுபடி இறுதிக்குப் போச்சு. எதிர்ல தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோட ஆட மாட்டோம்னு இந்தியா விலகிடுச்சு, கோப்பை ஆடாமலே அவங்களுக்குப் போச்சு. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் ரெண்டு பேரும் நல்ல ஃபார்ம்ல இருந்த நேரம். "வருத்தமா இல்லையா தாத்தா?"ன்னு கேட்டேன். "நம்மள உள்ள விடாத வீட்டுல போயி ஜெயிச்சு என்னடா பண்ண?"ன்னார்.

அப்பதான் கிண்டலா கேட்டேன், "நீங்கதான் மட்டையையே தொட்டதில்லையே, அப்புறம் என்ன?"

"ஆடியிருந்தா பந்தைப் பாத்திருப்பேன். ஆடல, அதான் ஆளைப் பாக்குறேன்."

அன்னிக்கு சிரிச்சுட்டு எழுந்து போயிட்டேன். விளையாட்டு தெரிஞ்சவன் ஷாட்டை ரசிக்கிறான். தெரியாதவன் 2-5ல நிக்கிற ஒரு மனுசனை ரசிக்கிறான். அந்த ஆள் நம்ம பாஷை பேசுறவனா இருந்துட்டா, அவன் தோக்குறது நம்ம வீட்டுல யாரோ தோக்குற மாதிரி ஆயிடுது. குகேஷுக்கு நான் போட்ட சத்தமும் அதுதான்.

2024லதான் விஜய் அமிர்தராஜ் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்ந்தார். சொல்றதுக்குத் தாத்தா இல்ல. இருந்திருந்தா, "கிருஷ்ணன் பேரு எங்கடா?"ன்னு நிச்சயமா சண்டைக்கு வந்திருப்பார்.